ஒரே அணி, இரண்டு பயிற்சியாளர்கள்: சேப்பல், கிர்ஸ்டன், சில ஒப்பீடுகள்

2005 மே மாதம் ஆஸ்திரேலியாவின் கிரெக் சேப்பல் இந்தியக் கிரிக்கெட் அணியின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். 2007 உலகக் கோப்பையில் இந்தியா வங்கதேசத்திடமும் இலங்கையிடமும் தோற்று முதல் சுற்றிலேயே வெளியேறியது; ஏப்ரலில் அவர் விலகினார். 2008 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் கேரி கிர்ஸ்டன் அதே பொறுப்புக்கு வந்தார். 2011 ஏப்ரல் 2 அன்று மும்பை வான்கடே மைதானத்தில் இந்தியா உலகக் கோப்பையை வென்றது. அந்த இறுதிப்போட்டியில் ஆடிய 11 பேரில் சச்சின், சேவாக், யுவராஜ், தோனி, ஹர்பஜன், ஜாகீர் கான், முனாஃப் படேல், ஸ்ரீசாந்த் ஆகிய 8 பேர், 2007-இல் தலைகுனிந்து ஊர் திரும்பிய 15 பேர் கொண்ட அணியிலும் இருந்தவர்கள்.

பயிற்சி முறைகளை ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இணை கிடைப்பது அரிது. பெரும்பாலும் ஒரு பயிற்சியாளர் திறமையானவரா, அல்லது அவருக்கு வாய்த்த வீரர்கள் திறமையானவர்களா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. இங்கே வீரர்களில் பெரும்பகுதி அப்படியே இருக்க, அவர்களை நடத்திய விதம் மட்டும் தலைகீழாக மாறியது. பள்ளி மாணவிகளுக்குக் கைப்பந்து கற்றுக்கொடுத்துவரும் எனக்கு இந்த இணை பல ஆண்டுகளாக மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஏனென்றால் கண்டிப்பானவர் தோற்றார், கனிவானவர் வென்றார் என்று பலரும் இதற்குச் சொல்லும் விளக்கம் தவறு என்று நான் நம்புகிறேன்.

முதலில் சேப்பலுக்குச் சேர வேண்டியதைச் சேர்த்துவிடுவது நியாயம். 87 டெஸ்டுகளில் 7,110 ரன்களும் 24 சதங்களும் எடுத்த அவருக்கு ஆட்டம் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. இந்திய அணியைப் பற்றி அவர் கண்டறிந்த குறைகளும் பெரும்பாலும் சரியானவையே: களத்தடுப்பு மந்தமாக இருந்தது, உடற்தகுதி போதவில்லை, இளைஞர்களுக்கு இடம் கிடைக்கவில்லை, இரண்டாவதாக ஆடும்போது அணி பதறியது. இவற்றை அவர் வெறும் பேச்சோடு விடவும் இல்லை. அவர் காலத்தில்தான் இந்தியா ஒருநாள் போட்டிகளில் தொடர்ந்து 17 முறை இலக்கைத் துரத்தி வென்று உலக சாதனை படைத்தது. 2006-இல் மேற்கிந்தியத் தீவுகளில் 35 ஆண்டுகளுக்குப் பின் டெஸ்ட் தொடரை வென்றதும், அதே ஆண்டு டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் தென்னாப்பிரிக்க மண்ணில் முதன்முதலாக ஒரு டெஸ்டை வென்றதும் அவர் பயிற்சியில்தான். சுரேஷ் ரெய்னா, ஸ்ரீசாந்த், முனாஃப் படேல் மூவரும் அவர் காலத்தில்தான் இந்திய அணிக்குள் வந்தார்கள்; மூவருமே 2011 இறுதிப்போட்டியில் ஆடினார்கள். கிர்ஸ்டன் அறுவடை செய்த வயலில் சேப்பல் விதைத்த விதையும் இருந்தது.

அப்படியானால் எங்கே பிசகியது? பொறுப்பேற்ற சில மாதங்களிலேயே, 2005 செப்டம்பரில் ஜிம்பாப்வே சுற்றுப்பயணத்தின்போது, கேப்டன் சௌரவ் கங்குலி உடலாலும் மனத்தாலும் அணியை வழிநடத்தும் நிலையில் இல்லை என்று அவர் கிரிக்கெட் வாரியத்துக்கு எழுதிய மின்னஞ்சல் பத்திரிகைகளுக்குக் கசிந்தது. அதில் சொல்லப்பட்ட கருத்து சரியா தவறா என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. என் பார்வையில் அதைவிட முக்கியமானது, அன்று உடைமாற்றும் அறையில் இருந்த ஒவ்வொரு வீரனும் தன் குறையும் நாளை இப்படித்தான் ஊருக்குத் தெரியவருமோ என்று நினைத்திருப்பான் என்பதே. தன் பலவீனத்தைப் பயிற்சியாளரிடம் காட்டினால் அது தனக்கே எதிராகத் திரும்பும் என்று வீரன் நினைக்கத் தொடங்கிவிட்டால், அதன் பிறகு அந்தப் பயிற்சியாளர் எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் நோயை மறைக்கும் நோயாளிக்கு எந்த மருத்துவரும் மருந்து கொடுக்க முடியாது. சேப்பல் பேட்டிங் வரிசையையும் ஓயாமல் மாற்றினார். இர்ஃபான் பதானை மூன்றாம் இடத்தில் இறக்கினார். ஒருநாள் போட்டிகளில் தொடக்க ஆட்டக்காரராகவே உலகம் அறிந்த சச்சின், 2007 உலகக் கோப்பையில் நடுவரிசையில் ஆடி மூன்று ஆட்டங்களில் 64 ரன்கள் எடுத்தார். 2014-இல் வெளிவந்த சுயசரிதையில் சச்சின் அவரை, வீரர்களுக்கு அது வசதிப்படுகிறதா என்று கவலைப்படாமல் தன் கருத்துகளைத் திணித்த சர்க்கஸ் வித்தை மேலாளரோடு ஒப்பிட்டார்.

கிர்ஸ்டன் வந்தபோது சச்சின் ஆட்டத்தில் மகிழ்ச்சி இழந்து, ஓய்வு பெறும் எண்ணத்தில் இருந்தார். பின்னாளில் இதைப் பற்றிப் பேசிய கிர்ஸ்டன், அவருக்குத் தான் எதையும் கற்றுத்தரவில்லை என்றும், அவர் விரும்பியபடி ஆடுவதற்கான சூழலை அமைத்துக்கொடுத்ததோடு சரி என்றும் சொன்னார். இந்தச் சொற்களை வெறும் பணிவு என்று எடுத்துக்கொண்டு கடந்துபோவது எளிது, ஆனால் அந்தச் சூழல் என்பது கைவலிக்கும் வேலை. வலைப்பயிற்சியில் வீரன் கேட்கும் இடத்தில், கேட்கும் உயரத்தில், கேட்கும் வேகத்தில், அவன் போதும் என்று சொல்லும்வரை பந்தை எறிந்துகொண்டே இருந்தவர் கிர்ஸ்டன். 101 டெஸ்டுகளில் 7,289 ரன்கள் எடுத்த ஒரு மனிதர், தன் கருத்தை ஒதுக்கிவைத்துவிட்டு இன்னொருவருக்காக நாள் முழுக்கப் பந்து எறிகிறார் என்பதைப் பார்க்கும் வீரன், தனக்காக இந்த மனிதர் உழைக்கிறார் என்பதை எந்த உரையும் இல்லாமலேயே புரிந்துகொள்கிறான். 2010 பிப்ரவரி 24 அன்று குவாலியரில் சச்சின் ஆண்கள் ஒருநாள் கிரிக்கெட்டின் முதல் இரட்டைச் சதத்தை அடித்தபோது அவருக்கு வயது 36. அதற்கு முன்பே, 2009 டிசம்பரில், இந்தியா டெஸ்ட் தரவரிசையில் முதன்முறையாக முதலிடத்துக்கு வந்திருந்தது.

இந்த உறவு இருபுறமும் ஓடியது என்பதற்குக் கிர்ஸ்டன் சொன்ன ஒரு நிகழ்ச்சி போதும். உலகக் கோப்பைக்குச் சற்று முன் பெங்களூரில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளிக்கு அணி போவதாக இருந்தது. பாதுகாப்புக் காரணங்களால் கிர்ஸ்டன் உள்ளிட்ட வெளிநாட்டவர் மூவரும் வர முடியாது என்று சொல்லப்பட்டதும், இவர்கள் என் ஆட்கள், இவர்கள் வராவிட்டால் நாங்கள் யாரும் போகப்போவதில்லை என்று தோனி அந்த நிகழ்ச்சியையே ரத்து செய்தார். இறுதிப்போட்டியில் மூன்றாம் விக்கெட் விழவிருந்த நேரத்தில், நல்ல ஆட்டத்தில் இருந்த யுவராஜுக்கு முன்னால் தானே களமிறங்க வேண்டும் என்று தோனி முடிவெடுத்ததும், கிர்ஸ்டன் அதற்கு மறுப்பே சொல்லவில்லை. தோனி ஆட்டமிழக்காமல் 91 ரன்கள் எடுத்தார். ஒரு நாட்டின் கனவு தொங்கிக்கொண்டிருக்கும் வேளையில் வரிசையை மாற்றியது வீரன், தலையசைத்தது பயிற்சியாளர்; நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இதே அணியில் வரிசை மாறிய விதத்தோடு இதை வைத்துப் பார்த்தால் இரண்டு முறைகளுக்கும் உள்ள தூரம் விளங்கும்.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் கிர்ஸ்டன் வழியே சிறந்தது என்று தீர்ப்பு எழுதியதாகிவிடும். அதற்குச் சான்றுகள் இடம் தரவில்லை. முழுநேரப் பயிற்சியாளரே இல்லாமல், லால்சந்த் ராஜ்புத் மேலாளராக உடன் செல்ல, 2007 செப்டம்பரில் இந்தியா இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்றது. அதேபோல் கிர்ஸ்டனின் பிற்காலக் கணக்கும் ஏற்ற இறக்கமானது. அவர் பயிற்சியில் தென்னாப்பிரிக்கா 2012-இல் டெஸ்டில் முதலிடம் பிடித்தது, ஆனால் ஐ.பி.எல்.-இல் 2014-இல் டெல்லியும், 2019-இல் பெங்களூரும் அவர் பயிற்சியில் பட்டியலின் கடைசி இடத்தில் முடிந்தன. 2024-இல் பாகிஸ்தானின் வெள்ளைப்பந்து (ஒருநாள், இருபது ஓவர்) அணிக்குப் பயிற்சியாளரானவர் சுமார் ஆறு மாதங்களில் விலகினார். கேட்டுக் கேட்டு நம்பிக்கையைச் சேர்க்கும் முறைக்குக் காலம் வேண்டும். இரண்டே மாதங்களில் முடிந்துபோகும் தொடரில், ஏலத்தில் ஒன்று சேர்ந்த வீரர்களிடம் அந்தக் காலம் கிடைப்பதில்லை என்பது என் கணிப்பு.

கண்டிப்பு தோற்கும் என்ற எண்ணத்தை அடியோடு கலைப்பவர் பாட்மிண்டன் பயிற்சியாளர் புல்லேலா கோபிசந்த். 2001-இல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்ற அவர், வீட்டை அடமானம் வைத்து ஐதராபாத் கச்சிபௌலியில் பாட்மிண்டன் அகாடமியைக் கட்டினார். அங்கே பயிற்சி விடியற்காலை நான்கு, நான்கரை மணிக்கே தொடங்கிவிடும். 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு முன் மூன்று மாதங்கள் பி.வி. சிந்துவின் கைப்பேசியை அவர் வாங்கி வைத்துக்கொண்டார், ஐஸ்கிரீமுக்கும் தடை. எனக்கு இன்னும் அழுத்தமாகப் பதிந்தது வேறொரு நிகழ்ச்சி. இயல்பிலேயே மென்மையாகப் பேசும் சிந்துவை, அகாடமியின் மற்ற வீரர்களும் பயிற்சியாளர்களும் சுற்றி நிற்க, ஆடுகளத்தின் நடுவில் நின்று உரக்கக் கத்தச் சொன்னார். சிந்து அழுதார், மறுத்தார். கத்தும்வரை ராக்கெட்டைத் தொடக்கூடாது என்று கோபிசந்த் உறுதியாக நின்றார். ரியோவில் ஒவ்வொரு புள்ளிக்கும் குரல் எழுப்பி ஆடிய சிந்து, வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பினார்.

வீரரை அவர் விரும்பியபடி ஆடவிடாத பயிற்சியாளர்கள் என்று பார்த்தால் சேப்பலும் கோபிசந்தும் ஒரே பக்கம்தான் நிற்பார்கள். ஆனாலும் ஒருவருடைய கட்டளை புண்ணாகியது, இன்னொருவருடையது பலமாகியது. இதற்கு இரண்டு காரணங்களைச் சொல்வேன். சிந்து சிறுமியாக வந்த நாளிலிருந்து கோபிசந்தின் கண்முன் வளர்ந்தவர்; விடியற்காலையில் தனக்கு முன்பே வந்து நிற்கும் ஒருவருடைய கட்டளை அது. மற்றொன்று, அது சிந்துவுக்கென்றே அளந்து தைத்த கட்டளை. இன்னொரு மாணவிக்கு அதையே சொல்லியிருந்தால் அபத்தமாக இருந்திருக்கும்.

அந்த முறையும் எல்லோருக்கும் எப்போதும் பொருந்தவில்லை. அதே அகாடமியில் வளர்ந்து 2012 லண்டனில் வெண்கலம் வென்ற சாய்னா நேவால், 2014-இல் பெங்களூருக்குச் சென்று விமல் குமாரிடம் சேர்ந்தார்; 2015-இல் உலகின் முதல் நிலை வீராங்கனையானார்; 2017-இல் கோபிசந்திடமே திரும்பினார். சிந்துவும் டோக்கியோவில் வெண்கலம் வென்றபோது கொரியாவின் பார்க் டே-சாங்கிடம் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். வீராங்கனை வளர வளர அவருக்குத் தேவைப்படும் குரலும் மாறுகிறது. இதை நம் ஊரில் துரோகம் என்று பேசுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

சதுரங்கத்திலும் இது தெரிகிறது. சென்னையில் ஆர்.பி. ரமேஷிடம் பிரக்ஞானந்தாவும் வைஷாலியும் கடினமான கணக்கீட்டுப் பயிற்சிகளில் வளர்ந்தார்கள். குகேஷுக்கு விஷ்ணு பிரசன்னா, ஒரு குறிப்பிட்ட தரநிலையை எட்டும்வரை சிறந்த நகர்வைக் கணித்துச் சொல்லும் கணினி எஞ்சின்களையே தராமல், சொந்தமாக யோசிக்க வைத்தார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் 18 வயதில் குகேஷ் உலகப் பட்டம் வென்றபோது, மனப்பயிற்சியாளராக அவரோடு இருந்தவர் பேடி அப்டன். 2011-இல் கிர்ஸ்டனோடு இந்திய அணியில் அதே பணியைச் செய்தவர்தான் அவர்.

கண்டிப்பு, கனிவு என்ற அளவுகோலை விட்டுவிட்டால் வேறு எதை அளப்பது? இதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான விடை அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வுடனைப் பற்றிய ஆய்விலிருந்து வருகிறது. 12 ஆண்டுகளில் 10 தேசியக் கல்லூரிப் பட்டங்களை வென்ற அவருடைய கடைசிப் பருவமான 1974-75-இல், ரோலண்ட் தார்ப், ரொனால்ட் கலிமோர் என்ற இரண்டு உளவியலாளர்கள் அவர் பயிற்சியின்போது பேசுவதை ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். மொத்தம் 2,326 செயல்கள் பதிவாயின. அவற்றில் பாதி, எதை எப்படிச் செய்வது என்ற நேரடிக் குறிப்புகள். பாராட்டு 7 சதவீதத்தைத் தொடவில்லை. அதிருப்தியும் ஏறக்குறைய அதே அளவுதான். உலகமே கொண்டாடிய அந்த மனிதர் தட்டிக்கொடுப்பவரும் இல்லை, திட்டுகிறவரும் இல்லை; சொல்லிக்கொடுப்பவர். ஒருவன் தவறாகச் செய்தால் சரியான முறையைச் செய்துகாட்டுவார், அவன் செய்ததைப் போலச் செய்துகாட்டுவார், மறுபடியும் சரியானதைச் செய்துகாட்டுவார். சில நொடிகளில் இது முடிந்துவிடும், ஆட்டம் தொடரும். கொப்புளம் வராமல் காலுறையைச் சுருக்கமின்றி அணிவது எப்படி என்பதையும் அவரே கற்றுக்கொடுப்பார்.

இதை நான் என் மைதானத்தில் கண்ணால் கண்டேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, எதிரணியின் சர்வீஸை எடுக்கும்போதெல்லாம் பந்து அவள் தலைக்கு மேலே பின்புறமாகப் பறந்துவிடும். முழங்காலை மடக்கு, முழங்காலை மடக்கு என்று இரண்டு மாதங்கள் கத்தியிருப்பேன். அவள் மடக்கினாள், பந்து அப்போதும் பின்னால்தான் போனது. ஒரு நாள் மைதானத்துக்கு வந்திருந்த மூத்த பயிற்சியாளர் ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டு, “பந்து கையில எங்கம்மா பட்டுச்சு?” என்று கேட்டார். அவள் கட்டைவிரல் எலும்பைத் தொட்டுக் காட்டினாள். “சர்வீஸ் போடுற பொண்ணு கையைவிட்டு பந்து கிளம்புறப்ப நீ எங்க பார்த்துக்கிட்டு இருந்த?” என்றார். அவள் சிறிது யோசித்து, “நெட்டைத்தான் பார்த்தேன் சார்” என்றாள். பந்து எதிரியின் கையைவிட்டுக் கிளம்பியதுமே ‘இப்ப’ என்று குரல் கொடு, அது போதும் என்றார். பத்துப் பந்துகள் போட்டோம். ஐந்தாவது பந்திலிருந்து அவள் முன்கூட்டியே நகர்ந்து பந்துக்குக் கீழே போய் நின்றாள். முழங்கால் தானாகவே மடங்கியது. நான் சொன்னதில் பிழை இல்லை, ஆனால் அது அவளுடைய பிரச்சினைக்கான செய்தி இல்லை. அவள் பந்தைத் தாமதமாகப் பார்த்தாள் என்பது, கேட்கப்படும்வரை அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சேப்பலுக்கும் கிர்ஸ்டனுக்கும் இடையே நான் காணும் வேறுபாடும் இதுதான். இருவரிடமும் அறிவு இருந்தது. ஒருவர் விடையோடு வந்தார், மற்றவர் முதலில் கேட்டார். கோபிசந்துக்குக் கேட்க வேண்டிய தேவை குறைவு, ஏனென்றால் பத்தாண்டுக்கு மேல் பார்த்திருந்தார்.

சிறுவர்களுக்கான பயிற்சியில் இன்னொரு கணக்கையும் சேர்க்க வேண்டும். அமெரிக்காவின் ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் ஆகியோர் பேஸ்பால் பயிற்சியாளர்களுக்கு ஒரு குறுகிய பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். நல்ல முயற்சியைக் கவனித்துச் சொல்வது, தவறு நடந்தவுடன் ஊக்கத்தோடு திருத்தம் சொல்வது, தண்டனையையும் ஏளனத்தையும் தவிர்ப்பது ஆகியவைதான் பாடம். 1992-இல் வெளியான முடிவுகளின்படி, இந்த வகுப்பில் கலந்துகொள்ளாதவர்களிடம் ஆடிய சிறுவர்களில் 26 சதவீதத்தினர் அடுத்த ஆண்டு விளையாட்டை விட்டுவிட்டார்கள்; கலந்துகொண்டவர்களிடம் ஆடியவர்களில் அது 5 சதவீதம். வெற்றி தோல்விக் கணக்கில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. பத்து வயதுப் பிள்ளையைக் கோபிசந்தின் கண்டிப்போடு நடத்துகிறேன் என்று கிளம்பும் பயிற்சியாளர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது. கோபிசந்த் கைப்பேசியை வாங்கியபோது சிந்து 21 வயதை நெருங்கிக்கொண்டிருந்த உலகத்தர வீராங்கனை.

பிள்ளைகளை எந்தப் பயிற்சி மையத்தில் சேர்ப்பது என்று பெற்றோர் என்னிடம் கேட்கும்போது, சுவரில் தொங்கும் கோப்பைகளைப் பார்க்காதீர்கள், ஒரு மாலை அரைமணி நேரம் ஓரமாக நில்லுங்கள் என்றே சொல்கிறேன். பிள்ளை தவறு செய்ததும் பயிற்சியாளர் வாயைத் திறந்தால், அதிலிருந்து வருவது அடுத்த பந்துக்குப் பயன்படும் செய்தியா, வெறும் சத்தமா என்று கவனியுங்கள். பெயர் சொல்லித் திருத்தும்போது பிள்ளை அவர் முகத்தைப் பார்க்கிறதா, தரையைப் பார்க்கிறதா என்றும் பாருங்கள்.

சென்ற மாதம் என் மாணவிகளில் ஒருத்தியிடம் நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து, நான் பேசுவதையெல்லாம் குறிக்கச் சொன்னேன். பாதிக்கும் மேல் ‘சீக்கிரம்’, ‘கவனம்’, ‘என்னம்மா இது’ என்றே இருந்தது. அந்த நோட்டு இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. இந்த வாரமும் குறிக்கிறாள்.